சிவப்புச் சட்டைக்குப் பழி

1

இன்று காலை ஓர் அலுவலர் என் முகத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். வெளிநாட்டவர் பதிவுப் புத்தகத்தில் ஒட்டியிருந்த போன வருடத்துப் படத்தைச் சொல்கிறேன். யாங்கோனுக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. வருடத்துக்கு ஒரு முறை இந்த அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து, இன்னும் ஒரு வருடம் இருந்துகொள்கிறேன் என்று கேட்டு வாங்க வேண்டும். முதல் ஜன்னலில் பழைய படத்தை உரித்துப் புதிய படத்தை ஒட்டுவார்கள். இரண்டாவது ஜன்னலில் கேள்வி கேட்டு முத்திரை போடுவார்கள்.

உரித்த படத்தை என்னிடமே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். கன்னத்தில் சந்தனம் மாதிரி தனக்கா மரப்பட்டைக் குழம்பு பூசியிருந்த அந்த அம்மாள், அது கோப்பில் இருக்க வேண்டியது என்று சொல்லி, ஒரு தாளில் குத்தி, கோப்புக்குள் வைத்துக் கட்டியே விட்டார். அதைக் கிழித்துக் காலில் போட்டு மிதிக்க வேண்டும் என்று ஒரு வருடமாகக் காத்திருந்தவன் நான். அந்தப் படத்தில் சிவப்புச் சட்டை போட்டிருக்கிறேன். நெஞ்சில் வெள்ளை எழுத்தில், பர்மிய மொழியில், ‘லத்தா’ என்று இருக்கிறது. அது யாங்கோனில் ஒரு பேட்டை. நான் குடியிருப்பதோ இன்னொரு பேட்டையான தாகேதாவில். எங்கள் நிறம் நீலம். நான் செத்த பிறகும் ஏதோ ஓர் அலமாரிக்குள் லத்தாக்காரனாகவே உட்கார்ந்திருப்பேன்.

என் மகள் கயல்விழி பக்கத்தில் உட்கார்ந்து மனுவை நிரப்பிக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் கேத்தி. எனக்குப் பர்மிய எழுத்து வராது, அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. நான் தமிழில் கேட்பேன், அவள் பர்மிய மொழியில் பதில் சொல்வாள். இரண்டாவது ஜன்னலில் எங்கள் எண்ணைக் கூப்பிட இரண்டு மணி நேரமாயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் நடந்ததையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். ஊரில் இருக்கிற உங்களுக்கும் எழுதத் தோன்றியது.

2

என் தொழில் உளுந்து பார்ப்பது. இங்கிருந்து நம் பக்கம் கப்பலேறும் உளுந்தை மூட்டை மூட்டையாகக் குத்தி எடுத்து, உள்ளங்கையில் கொட்டித் தரம் சொல்ல வேண்டும். இன்று காலை நீங்கள் சாப்பிட்ட இட்லி என் கை வழியாக வந்ததாகக்கூட இருக்கலாம்.

காதர் பாய்க்கு லத்தாவில் குடைக்கடை. மூன்று தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம், பாய் இங்கேயே பிறந்தவர். வந்த புதிதில் மழைக்கு ஒதுங்கி அவர் கடைக்குள் நுழைந்து, தெரியாத பர்மிய மொழியில் திணறினேன். “தமிழ்லயே கேளும் தம்பி, ஒமக்கு எந்தக் குடை வேணும்?” என்றார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் காலை டீ அவரோடுதான். என்னை விடப் பத்து வயது மூத்தவர். சந்தோஷமாக இருந்தால் தம்பி என்பார், கிண்டல் வந்துவிட்டால் பர்மிய மரியாதை சேர்த்துக் கோ முருகேசு என்பார்.

ஐந்து வருடத்துக்கு முன் பாலம் கட்டும் வேலைக்கு வந்த ஒரு ஜப்பானியப் பொறியாளர், விடுமுறை நாளில் பொழுது போகாமல் பிள்ளைகளைக் கூட்டி பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார். தாகேதாவுக்கு நீலச் சட்டை, லத்தாவுக்குச் சிவப்புச் சட்டை, ஆணும் பெண்ணும் கலந்து ஆடலாம், மழைக்காலம் முடிந்ததும் இரண்டு அணிக்கும் ஒரு பெரிய ஆட்டம். அவர் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். சண்டையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பந்து எறிபவர் நடுவில் ஒரு மேட்டில் நிற்பார். மட்டைக்காரருக்குப் பின்னால் கேட்சர் குந்தியிருப்பார். அவர் தொடைக்கு நடுவே மறைத்து விரல் காட்டுவார். ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டு விரல் என்றால் மெதுவான பந்து. மேட்டில் நிற்பவர் தலையசைத்துச் சம்மதம் சொல்லிவிட்டு எறிவார். எது வரப்போகிறது என்று மட்டைக்காரருக்குத் தெரிந்துவிட்டால் கதை முடிந்தது. தாகேதாவுக்குப் பந்து எறிபவள் கயல்.

முதல் முறை அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு விருதுநகர்தான் ஞாபகம் வந்தது. என் அப்பா தானியத் தரகர். துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நான் சின்ன வயதிலேயே விலையைச் சொல்லிவிடுவேன். “துண்டைப் பாக்கக் கூடாது பாய், மூஞ்சியைப் பாக்கணும். குடுக்கறவன் மூஞ்சியில எழுதியிருக்கும்” என்று பெருமையாக அவரிடம் சொன்னேன். பாய் டீயை உறிஞ்சிக்கொண்டே, “மெய்தான் தம்பி, மெய்தான்” என்றார். கத்தியை நானே எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

3

தலையாட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து ஆட்டுவோம் அல்லவா, இங்கே அது யாருக்கும் புரியாது. பாதிப் பேருக்கு அது இல்லை என்று படும். என்னுடைய முதல் புதுப்பிப்பின்போது, “இன்னும் ஒரு வருடம் இருக்கப் போகிறீர்களா?” என்று அலுவலர் கேட்டார். நான் மகிழ்ச்சியோடு தலையை ஆட்டினேன். அவர் என் புத்தகத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அன்று மாலை கதவடைக்கும் நேரத்தில்தான் விஷயம் விளங்கியது.

பேச்சும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கும் பூனைக்கும் இங்கே ஒரே சொல், இழுக்கிற இழுப்பில்தான் வித்தியாசம். என் மகள் பூனைக்குப் போகிறாள் என்று பல வருடம் எல்லா அலுவலகத்திலும் சொல்லி வந்திருக்கிறேன். கயலுக்கு எட்டு வயதானபோது என் சட்டையைப் பிடித்து இழுத்து, இனி நானே பேசிக்கொள்கிறேன் என்றாள். அதோடு தமிழில் பதில் சொல்வதும் நின்றது. நான் சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

ஆனால் அவள் கழுத்து மட்டும் தமிழ் பேசிக்கொண்டிருந்தது. தோசை வேண்டுமா என்றால் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய்ந்து ஆடும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் ஆட்டுகிறாள் என்பது அவளுக்கே தெரியாது. எனக்கு மட்டும் தெரியும், சொல்லாமல் வைத்திருந்தேன்.

4

பந்தயம் பாய் போட்டதுதான். அவர் கடை உரிமத்தாளை வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும். படம் ஒட்டிய அந்தத் தாளைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டியிருப்பார். எனக்கோ பதிவுப் புத்தகம். தோற்றவர் அந்த வருடத்துப் படத்தை ஜெயித்தவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். அவருக்கு அது புரியும்.

போன வருட ஆட்டத்தில் பாய் கம்பி வலைக்குப் பின்னால், கேட்சருக்கு நேர் பின்னே, ஒரு குட்டை பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நாள் முழுக்க டீ கேட்டுக் கத்திக்கொண்டே இருந்தார். “சா ஸெய்ன்!” என்பார். ஸ்ட்ராங் டீ. “பொ ஸெய்ன்!” என்பார். லேசான டீ. பதற்றத்தில் மனுஷனுக்குத் தொண்டை வறள்கிறது போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டேன். கயல் எறிந்த பந்தையெல்லாம் லத்தாப் பிள்ளைகள் காத்திருந்து அடித்தார்கள். பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

சட்டையைப் பாயே இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தார். படம் எடுக்கும் கடையில் படக்காரருக்குப் பின்னால் நின்றுகொண்டு, “கொஞ்சம் சிரியும் கோ முருகேசு” என்றார்.

பிறகு ஒரு வருடம். வங்கியில், சிம் கார்டு வாங்கும் இடத்தில், எங்கெல்லாம் புத்தகத்தை நீட்டினேனோ அங்கெல்லாம் அந்தச் சிவப்பு. ஊருக்கு வெளியே மாவ்பியில் இருக்கும் உளுந்துக் கிடங்கின் வாசல்காவலர் லத்தாவில் பிறந்தவராம். என் படத்தைப் பார்த்த அன்றிலிருந்து நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொல்வார். நம்ம ஆள் வந்தாச்சு என்று உள்ளே குரல் கொடுப்பார். ஒரு நாள் அன்பாக ஒரு சிவப்புத் தொப்பியும் கொடுத்தார். அதை நான் கிடங்கில் எலி வரும் ஓட்டையில் அடைத்தேன்.

5

மைதானத்து ஓரத்தில் டோ மியா என்றொரு அம்மாள் டீக்கடை வைத்திருக்கிறார். இந்த வருட ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “உங்கள் குடைக்கார நண்பர் வருவாரா? வந்தால் டீ கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.”

என்ன ஆயிற்று என்றேன்.

“போன வருடம் சா ஸெய்ன் என்று கத்தினார், ஊற்றினேன். கொண்டுபோவதற்குள் பொ ஸெய்ன் என்றார். அதையும் ஊற்றினேன். பக்கத்தில் போனால் வேண்டாம் வேண்டாம் என்று கையை வீசுகிறார். அன்று முழுக்க ஒரு கிளாஸ் குடிக்கவில்லை. ஊற்றியதெல்லாம் சாக்கடைக்குப் போயிற்று.”

வீட்டுக்கு ஓடி, போனில் எடுத்திருந்த போன வருடத்து ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். பாய் சா ஸெய்ன் என்று கத்தினால் வேகப்பந்து. பொ ஸெய்ன் என்றால் மெதுவான பந்து. ஒன்றுகூடத் தப்பவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது? கயலின் தலையைப் பார்த்தேன். வேகப்பந்து அவளுக்குப் பிடித்த பந்து. ஒரு விரல் காட்டினால் தலை இரண்டு பக்கமும் ஆடுகிறது. இரண்டு விரல் காட்டினால், சரி போ என்கிற மாதிரி ஒரே ஒரு முறை கீழே இறங்குகிறது. அவளோடு ஆடிப் பழகிய பர்மியப் பிள்ளைகளுக்கு இரண்டும் வெறும் அசைப்புதான். ஒரு தமிழனுக்குத்தான் வித்தியாசம் தெரியும். துண்டைப் பார்க்காதே, முகத்தைப் பார் என்று சொல்லிக்கொடுத்தவனும் நான்தானே.

இந்த ஊரில் என் பிள்ளையிடம் மிச்சமிருந்த தமிழ் அது ஒன்றுதான். அதைப் படித்து, அதை வைத்தே அவளை அடித்திருக்கிறார். அன்று நான் பாயை மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

“கழுத்தை ஆட்டாம எறின்னு பிள்ளைகிட்ட சொன்னாப் போச்சு” என்றாள் என் மனைவி. அது நியாயம்தான். எனக்கு நியாயம் போதவில்லை. அவர் கத்த வேண்டும், அவர் பிள்ளைகள் நம்ப வேண்டும், நம்பி நாசமாகப் போக வேண்டும்.

6

கயலைக் கண்ணாடி முன் நிறுத்திக் காட்டினேன். வீடியோவையும் காட்டினேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

“நான் இப்படியா ஆட்டுகிறேன்?” என்று பர்மிய மொழியில் கேட்டாள். “எப்போதிலிருந்து?”

“பொறந்ததிலேர்ந்து.”

“அபே, எல்லாரும் பார்த்திருப்பார்கள்.” அபே என்றால் அப்பா.

“பாத்தா என்ன? பாய் ஒருத்தருக்குத்தான் அர்த்தம் தெரியும். இப்ப அதை மாத்திச் சொல்லப் போறோம். வேகப்பந்துக்குக் கீழே. மெதுவான பந்துக்கு ஆட்டணும்.”

அவளுக்கும் போன வருடத்துக் கோபம் இருந்தது. ஒத்துக்கொண்டாள். ஆனால் கழுத்து ஒத்துக்கொள்ளவில்லை. பிடித்ததற்குத் தானாக ஆடியது. அதனால் வீட்டில் சட்டம் போட்டோம். வேண்டும் என்றால் கீழே ஒரு அசைப்பு, வேண்டாம் என்றால் ஆட்டல். மூன்று வாரம், மூன்று வேளையும். வேண்டாம் என்று ஆட்டுகிறவள் தட்டில் மனைவி பழக்கத்தில் இன்னொரு கரண்டி போடுவாள். வேண்டும் என்று தலையைக் கீழே இறக்கினால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். “ரெண்டு பேரும் தலையை ஒரு எடத்துல வையுங்க, இல்லேன்னா நீங்களே போட்டுத் தின்னுங்க” என்று ஒரு நாள் கரண்டியை வீசினாள். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. இரண்டாவது வாரத்தில் கயல் ஒரு தடவைகூடத் தவறவில்லை. நான் கை தட்டினேன்.

7

பாய் அதே இடத்தில் அதே முக்காலியைப் போட்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “இந்த வருஷமும் சிவப்பு ஒமக்கு நல்லாப் பொருந்தும் தம்பி” என்றார். நான் சிரித்து வைத்தேன்.

முதல் மட்டைக்காரன் வந்தான். கயலின் தலை அழகாக ஆடியது. பாய் உடனே, “சா ஸெய்ன்!” என்றார். பையன் வேகத்துக்குத் தயாராகி மட்டையைச் சுழற்றி முடித்த பிறகு, பந்து நிதானமாக வந்து சேர்ந்தது. அடுத்தது தலை கீழே இறங்கியது. “பொ ஸெய்ன்!” பையன் மெதுவான பந்துக்கு நின்றான். அவன் மட்டையைத் தூக்குவதற்குள் பந்து கேட்சரின் கையுறையில் அறைந்தது. பாய் முக்காலியில் நெளிந்தார்.

அதற்குள் டோ மியா வந்து ஒரு சா ஸெய்னையும் ஒரு பொ ஸெய்னையும் அவர் காலடியில் வைத்தார். பாய் கையை வீசினார். “கேட்டீர்கள், கொண்டுவந்தேன். இந்த வருடம் சாக்கடைக்கு ஊற்ற மாட்டேன்” என்றார் டோ மியா. போய் அடுத்ததையும் கொண்டுவந்தார். மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் முக்காலியைச் சுற்றிப் பதினான்கு கிளாஸ். கால் நகர்த்த இடமில்லை. நான் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, “ஆறிடப் போகுது பாய், குடிங்க” என்றேன். நாலைக் குடித்தார்.

நாலாவது இன்னிங்ஸில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. மெல்ல என் பக்கம் திரும்பினார். நான் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினேன். அவர் சுதாரித்துக்கொண்டு சொல்லை மாற்றிக் கத்த ஆரம்பித்தார். சா ஸெய்ன் கேட்க வேண்டிய இடத்தில் பொ ஸெய்ன். லத்தாப் பிள்ளைகள் இரண்டு பந்தை நன்றாக அடித்தார்கள்.

கயல் மேட்டிலிருந்து பாயைப் பார்த்தாள். தொப்பியை இறக்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் தலை அசையவே இல்லை. கேட்சர் விரல் காட்டுவான், அவள் இமையை ஒரு முறை மூடித் திறப்பாள், எறிவாள். இமை தொப்பி நிழலில் இருந்தது, வலைக்குப் பின்னாலிருந்து தெரியாது, பிறகு அவள் சொல்லித்தான் எனக்கே தெரியும். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பாய்க்குக் கேட்க ஒரு டீயும் இல்லாமல் போயிற்று. ஏழுக்கு இரண்டு என்று ஜெயித்தோம்.

8

நீலச் சட்டையை நானும் இஸ்திரி போட்டேன். காலர் மடிப்பை இரண்டு தடவை தேய்த்தேன். அதே படக்கடை. படக்காரருக்குப் பின்னால் நின்று, “கொஞ்சம் சிரிங்க பாய்” என்றேன். இந்தச் சொல்லை ஒரு வருடமாக வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். கல்லாவுக்கு மேல் மாட்டியாயிற்று. குடை வாங்க வருகிற லத்தாக்காரர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, குனிந்து பாயைப் பார்க்கிறார்கள். வேலை இல்லாவிட்டாலும் வாரத்துக்கு இரண்டு தடவை அந்தப் பக்கம் போகிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை. இன்னும் இனிக்கிறது.

முதல் தடவை பார்க்கப் போனபோது கயலையும் கூட்டிப்போனேன். பாய் தோற்றதை மறைக்கிற ஆள் இல்லை. கடையிலேயே நல்ல குடையாக ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். “என்னைய ஜெயிச்ச பிள்ளைக்கு. புடிச்சிருக்கா அம்மா?”

சின்னப் பிள்ளையிலிருந்து அவர் எதைக் கொடுத்தாலும் இப்படித்தான் கேட்பார், அவளும் தலையை ஆட்டுவாள். அன்று அவள் தலை ஒரே ஒரு முறை நேராகக் கீழே இறங்கி ஏறியது. பர்மிய மொழியில் நன்றி சொன்னாள்.

பாய் என்னைப் பார்த்தார். “இன்னமும் வெளையாட்டா?” என்று கேட்டார்.

“இல்லை ஊலே, இப்போது பழகிவிட்டது” என்றாள் கயல். ஊலே என்றால் மாமா.

அவள் குடையை விரித்துப் பார்க்க வாசலுக்குப் போனதும் பாய் குரலைத் தாழ்த்தினார். “நான் படிக்கத்தான் செஞ்சேன் தம்பி. நீர் அழிச்சுட்டீரே.”

உங்களுக்கென்ன என்று வாய் வரை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மேலே நீலச் சட்டையில் பாய் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சட்டமெல்லாம் முடிந்தது, பழையபடி ஆட்டு என்று சொன்னேன். அவள் ஆட்டிக் காட்டினாள். நாடகத்தில் ஆட்டுகிற மாதிரி இருந்தது. தோசை வேண்டுமா என்று மனைவி கேட்டால் தலை நேராகக் கீழே போகிறது. கண்ணாடியில் அவளுக்குக் காட்டாமல் இருந்திருக்கலாம்.

9

இரண்டாவது ஜன்னலில் எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். புதிய அலுவலர், இளைஞர். புத்தகத்தைப் புரட்டினார். நீலச் சட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு வருடம் இருக்கப் போகிறீர்களா?” என்று கேட்டார்.

அந்த முதல் தடவைக்குப் பிறகு இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லப் பழகியிருக்கிறேன். இன்று என்ன வந்ததோ, தலையை நன்றாக, இரண்டு பக்கமும், தோள் தொடுகிற அளவுக்கு ஆட்டினேன். அவர் பேனாவை மூடிவிட்டுப் புத்தகத்தை ஓரமாக வைத்தார்.

“அது ஹொக்கே” என்றாள் கயல். ஹொக்கே என்றால் ஆமாம். “எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.”

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். விருதுநகருக்கு அவள் வந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் எப்போது திரும்புவோம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அலுவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்படியானால் நீயும் ஆட்டுவாயா?” என்று கேட்டார்.

“நான் ஆட்டமாட்டேன்” என்றாள். “எனக்குப் படிக்க மட்டும் தெரியும்.”

அவர் புத்தகத்தை இழுத்து முத்திரை போட்டார். கயல் அதை வாங்கி, தேதி சரியாக இருக்கிறதா என்று எனக்காகப் படித்துப் பார்த்தாள்.